இரண்டு தரம் எறிந்த யூரியா

அந்தப் போகம் எங்கள் முரசுமோட்டை ஊரிலேயே என் வயல்தான் கரும்பச்சையாக நின்றது. வரம்பால் போனவர்களெல்லாம் நின்று புகழ்ந்தார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன். கதிர் வரும் நேரம் பயிர் முழுவதும் பாய் விரித்ததுபோல் சாய்ந்துவிட்டது.

"ஒரே கிழமைக்குள்ள இரண்டு தரம் யூரியா எறிஞ்சிருக்கிறியள்" என்றாள் மனைவி.

"விசர்க்கதை கதையாதை" என்று பாய்ந்தேன். கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தால் வெறும் உரப்பைகள் இரண்டு மடங்காகக் கிடந்தன. முதல் தரம் எறிந்தது எனக்குத் துளியும் நினைவில்லை.

வலிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதற்கு நான் பயந்ததில்லை, மூளை கரைந்து போகிறதோ என்றுதான் பயந்தேன். பக்கத்து வயல் என் தம்பியுடையது. "அண்ணை, இனி வயலை நான் பாக்கிறன். நீங்கள் வீட்டில ஆறுதலா இருங்கோ" என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கோ உயிரோடு இருக்கும்போதே பாடை கட்டுவது போலிருந்தது. இன்னும் ஒரு போகம் பொறு என்று கெஞ்சினேன்.

கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவா பொறுமையாகக் கேட்டா.

"ஐயா, வலிப்பும் மறதியைத் தரும், அதுக்குப் போடுற குளிசையும் கொஞ்சம் மந்தமாக்கும். இது பைத்தியமில்லை. குளிசையை மட்டும் நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ. அளவை நான் பாத்து மாத்திறன். செய்த வேலையைச் செய்த இடத்திலேயே அடையாளம் வையுங்கோ."

பைத்தியமில்லை என்ற அந்தச் சொல்லுக்கே பாதி வருத்தம் மாறியது.

அடுத்த போகம் உரம் எறிந்த வயல் துண்டின் வரம்பில் ஒரு தடியை நட்டு, வெறும் பையை அதில் கவிழ்த்துவிட்டுத்தான் கை கழுவினேன். குளிசைகளைக் கிழமை நாள் எழுதிய பெட்டியில் மனைவி பிரித்து வைத்தாள். என் வயலில் நெல்லைவிட வெருளிப் பொம்மைதான் கூட என்று ஊர் நக்கலடித்தது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இடையில் ஒருநாள் வயலில் வைத்தே வலிப்பு வந்தது. எழும்பிப் பார்த்தேன், பை தடியில் இருந்தது, எறிந்தாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பயிர் நிமிர்ந்து நின்றது. அறுவடையன்று தம்பி வரம்பில் நின்று கனநேரம் பார்த்தான்.

"அண்ணை, வயலை நீங்களே செய்யுங்கோ. நான் இனிக் கேக்கமாட்டன்."

மறுநாள் காலை எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "தம்பி உண்மையா அப்பிடிச் சொன்னவனோ?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஓம், சொன்னவன்."

ஒரே சந்தோஷம் இரண்டு தரம் வந்தது. மறதிக்காரனுக்கு இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.