வருஷப் பிறப்பன்று கொட்டிய சோறு

அது விளம்பி வருஷம் பிறந்த நாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருஷத்தைச் சரிபார்க்காமல் எதையும் எழுதும் பழக்கம் எனக்கில்லை. மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தாகிவிட்டது. தங்க வயலுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளுக்கு மூங்கில் தட்டிதான் சுவர். தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் வயதைக் கொண்டு பஞ்சாங்கத்தில் பின்னோக்கிப் போனால் விளம்பியில்தான் போய் நிற்கிறது.

அம்மாவை யாரும் நடந்து பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறார்கள் என்று லைனில் கேலி செய்வார்கள். தண்ணீருக்கு ஓடுவாள், விறகுக்கு ஓடுவாள். எங்களை அடிப்பதைக்கூட அவள் நின்று செய்ததில்லை. போகிற போக்கில் ஒன்று வைத்துவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவள் அன்று காலை எங்களை உட்காரவைத்து, இன்றைக்கு இந்த வீட்டில் யாரும் அவசரப்படக்கூடாது என்றாள்.

“இன்னிக்கி பறந்தா வருசம் பூரா பறக்கணும். எல்லாத்தையும் மெதுவா செய்ங்க. செய்றத பாத்து செய்ங்க.”

அப்பா சிரித்தார். “இன்னாமே, நத்தை எதுனா கனவுல வந்துச்சா?”

அவள் சிரிக்கவில்லை. என் தலையை மடியில் வைத்து, சிக்கை ஒவ்வொரு இழையாகப் பிரித்து எண்ணெய் தடவினாள். வேப்பம்பூவை ஆய்ந்தாள், காம்பு கிள்ளிய பூவையே எடுத்து மறுபடியும் பார்த்தாள். மாங்காயை அவ்வளவு சின்னதாக நறுக்கி நான் பார்த்ததில்லை. ஒரு வேலையைச் செய்யும்போது அந்த வேலையிலேயே இரு என்று பிற்காலத்தில் பெரிய பெரிய புத்தகங்களில் படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மாங்காய்தான்.

முந்தின நாள் மாலை நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமாவும் அப்பாவும் சுரங்கத்துக்குள் ஒரே லெவலில், அதாவது ஒரே ஆழத்தில், பாறைக்குத் துளை போடுகிறவர்கள். இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பாறை மொனகிக்கினே இருக்குதுப்பா. மேல இருந்து பொடி கொட்டுது,” என்றார் மாமா.

“தொரை ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே. அவரு காதுக்குக் கேக்காதது நம்ம காதுக்குக் கேக்கலாமா?” என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

உள்ளே அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

சுரங்கத்துக்குக் கிளம்புகிறவரைப் போகாதே என்று சொல்வது எங்கள் லைனில் பெரிய அபசகுனம். சொன்ன வாயே ஏதோ நடக்கும்படி செய்துவிடும் என்று பெண்கள் நம்பினார்கள். சும்மா நின்றுவிடவும் முடியாது. காரணமில்லாமல் வராதவன் பெயரை மேஸ்திரி வெட்டிவிடுவார். அப்பாவுக்கு அன்று மத்தியான ஷிப்டு; இரண்டாவது சங்கு ஊதுவதற்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கியாக வேண்டும்.

எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் வேலை முடியத்தானே செய்யும். பச்சடி முடிந்தது, குழம்பு முடிந்தது, சோறும் வெந்து வடித்தாகிவிட்டது. வெயில் கூரைக்கு நேராக வந்தது. அப்பா வாசலில் குளித்துக்கொண்டிருந்தார். நான் தட்டிக்கு அந்தப் பக்கம் தம்பியை வைத்துக்கொண்டு, ஓட்டை வழியே சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கேழ்வரகுக் களி தின்கிற வீடு அது. அரிசிச் சோற்றின் வாசனைக்காகவே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கினாள். அடுப்படிச் சாம்பல் குவியலின்மேல் அதைச் சாய்த்தாள். அன்று எல்லாவற்றையும் செய்தது போலவே, மெதுவாக, பார்த்துப் பார்த்துக் கொட்டினாள். கடைசிப் பருக்கையும் விழுந்த பிறகு பானையை அடுப்புக் கல்லில் மோதி உடைத்தாள்.

சிந்திய பருக்கையைப் பொறுக்கித் தின்னவில்லையென்றால் முதுகில் அறைகிறவள் அவள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். தம்பி அழுதான். அவள் திரும்பிப் பார்த்தாள். என் கண் அந்த ஓட்டையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

ஈரத் தலையோடு அப்பா உள்ளே வந்தார்.

“கை வழுக்கிடுச்சி,” என்றாள் அம்மா. தண்ணீர் காய்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல்.

அப்பா சாம்பலைப் பார்த்தார். சோறு சிதறவில்லை, படியால் அளந்து வைத்தது போலக் குவியலாகக் கிடந்தது. விழுகிற பாறைக்கு அடியிலேயே பிழைப்பு நடத்தியவர் அவர். அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“சுட்டுக்கினியா?”

“இல்ல.”

முதல் சங்கு ஊதியது. நான் ஓடிவந்து, “நைனா, சங்கு,” என்றேன்.

“கேட்டுச்சி,” என்றார். தலைப்பாகைத் துணியை எடுத்துச் சுற்றினார். பாதிச் சுற்றில் நிறுத்தி அவிழ்த்தார். “அரிசி கீதா?”

“கொஞ்சம் கீது.”

“மெதுவா ஆக்கு.”

வாசலில் மாமாவின் குரல் கேட்டது. “இன்னாப்பா, வரலியா?”

“சோறு கொட்டிப்போச்சி. வருசப் பொறப்பன்னிக்கி பட்டினியா கேஜ்ல எறங்க சொல்றியா? மேஸ்திரி கேட்டா வயித்து வலின்னு சொல்லு.”

“சோறு இல்லாத வயிறு வலிக்கத்தான் செய்யும்,” என்று சிரித்துக்கொண்டே மாமா போனார்.

அந்த ஷிப்டில் எதுவும் விழவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். மாமா பத்திரமாகத் திரும்பினார். மறுநாள் அப்பா மேஸ்திரியிடம் வசவு வாங்கிக்கொண்டு அதே லெவலுக்கு இறங்கினார்; அதற்குப் பிறகும் பல வருஷம் இறங்கினார். அம்மா மறுநாளிலிருந்து பழையபடி ஓடினாள்.

ஆனால் அன்று சோறு மறுபடியும் வெந்தபோது அம்மா அப்பாவுக்குப் பரிமாறிவிட்டு, எதிரிலேயே தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததேயில்லை. இருவரும் ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மென்றார்கள். இரண்டாவது சங்கு ஊதியது. யாரும் தலை நிமிரவில்லை. அம்மா இன்னொரு கை சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அம்மாவின் பேச்சை அப்படியே நம்பிவிட்டார். ஒன்றும் தெரியாமல் இவ்வளவு நிதானமாகச் சாப்பிடுகிறாரே என்று, அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.