ராஜகிரியில் ஒரு ரெக்கார்டிங்

போன வாரம் என் டைரக்டர் ஒரே வரியில் என்னைக் கவிழ்த்துவிட்டார்.

"மேடம்... போன மாசம் ஒரு சீரியல்ல இதே சத்தத்துலதானே நீங்க குழந்தை பெத்தீங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பது தெரிந்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய?

ஜப்பான் அனிமேக்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் தமிழில் குரல் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிறவர்களுக்குத் தெரியும். வயது நாற்பத்து நான்கு. ஆனால் ஐந்து வருடமாக டிவியில் நான் பன்னிரண்டு வயதுப் பையன். கையில் வாள், எப்போதும் பசி. அதற்கு முன்னால் பேசும் முயல், ஓர் அழுமூஞ்சிப் பேய், வகுப்பில் பின் பெஞ்சுப் பையன்கள் நாலைந்து பேர்... பெண்ணாகப் பிறந்த எனக்குப் பெண்ணாகப் பேச மட்டும் சான்ஸ் வந்ததில்லை. டைரக்டர் சொன்ன அந்தப் பிரசவ வலி ஒரு நிமிடம்தான் விதிவிலக்கு.

இப்போது வந்தது! ஒரு கேமில் ஹீரோயின். நாற்பது வயதுக்காரி. காணாமல் போன தங்கையைத் தேடித் தனியாக மலை மலையாக ஏறுகிறாள். டயலாக் கொஞ்சம்தான், ஏறுகிற சத்தம்தான் அதிகம். விளையாடுகிறவர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அவள் ஏற வேண்டும், தாவ வேண்டும், விழ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். எங்கள் தொழிலில் இதற்கு 'எஃபர்ட்ஸ்' என்று பெயர்.

அனிமே என்றால் திரையில் வாய் அசையும், பார்த்துப் பேசிவிடலாம். கேமில் பதிவின்போது படமே காட்ட மாட்டார்கள். ஷீட்டில் 'ஏறுகிறாள் – சின்னது', 'ஏறுகிறாள் – நீளம்' என்று இருக்கும். ஏசி ரூமில் மைக்குக்கு முன்னால் நின்று, நாமே ஒரு மலையைக் கற்பனை செய்துகொண்டு முனக வேண்டும்.

முனகினேன். பன்னிரண்டு வருடமாகக் கைவசம் இருக்கும் அதே "ம்ம்ம்ஹ்... ஹா!" பெட்டியைத் தூக்கினாலும் அதுதான், சுவர் ஏறினாலும் அதுதான். பிரசவத்துக்கும் அதையே கொடுத்திருக்கிறேன் போல.

டைரக்டர் பிரவீனுக்கு இருபத்தாறு வயது. நல்ல பிள்ளை, பொய் சொல்ல வராது. "திங்கக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம் மேடம். செட் ஆகலைன்னா... செவ்வாய்க்கிழமை வேற ஒருத்தங்களுக்கு வாய்ஸ் டெஸ்ட் வெச்சிருக்கேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து ஒரு பெண் கிடைத்தாள். அவளையும் கோட்டைவிடுவதா?

சனிக்கிழமை செஞ்சிக்குப் போய் இறங்கினேன். என் சொந்த ஊர். சுற்றி மூன்று மலை, மூன்றின் மேலும் கோட்டை; உயரமானது ராஜகிரி. மலை ஏறும் சத்தத்தை வேறு எங்கே போய்த் தேட?

என்னோடு ஸ்கூலில் படித்த நூர்ஜஹான் கடைவீதியில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறாள். நேராக அங்கே போனேன்.

"நாளைக்கு ராஜகிரி ஏறணும். வர்றியாடி?"

"இன்னாடி ஆச்சு உனக்கு? வேண்டுதலா?"

"இல்லடி. மூச்சு வாங்கறதை ரெக்கார்ட் பண்ணணும்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு எதுக்குடி மலை? எங்க வூட்டு மாடிப்படியே எனக்குப் போதும்."

ஓர் ஊர் ரகசியம் சொல்கிறேன். எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து ஏறுகிறார்கள். செஞ்சிக்காரர்கள் ஏற மாட்டார்கள்! தினமும் பார்க்கிற மலைதானே, எங்கே போய்விடும்? நூர்ஜஹான் கடைசியாக ஏறியது ஏழாம் வகுப்பில், டீச்சர் அடிப்பார் என்ற பயத்தில்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. துப்பட்டாவில் குட்டி மைக்கைக் குத்திக்கொண்டு, போனில் ரெக்கார்டரை ஆன் செய்தேன். ஏற ஆரம்பித்தோம்.

பாதி வழியில் ஒரு சின்னப் பெண், எட்டு வயது இருக்கும், இனி ஏற மாட்டேன் என்று படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் டீ-ஷர்ட்டில் யார்? என் வாள் பையன்! நூர்ஜஹானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாப்பா, உன் சொக்காயில இருக்கறானே, அவனுக்குப் பேசறது இந்த ஆன்ட்டிதான். பேசிக் காட்டுடி!"

பேசிக் காட்டினேன். அந்தப் பெண் தலையைச் சாய்த்து, பொறுமையாகக் கேட்டாள்.

"பரவால்ல ஆன்ட்டி. ஆனா அவன் வாய்ஸ் இப்படி இருக்காது."

நூர்ஜஹான் சிரித்த சிரிப்பில் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. சிரிப்பு தொற்றிக்கொள்ள, அந்தப் பெண்ணும் எழுந்து எங்களுக்கு முன்னால் ஏறிப் போய்விட்டாள்.

இன்னும் கொஞ்சம் மேலே ஒரு குரங்கு. எங்கிருந்து வந்ததோ, என் தோளில் இருந்த பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து, எங்கள் ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக உரித்தது. நூர்ஜஹான் அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். அது தோலை எங்கள் பக்கம் போட்டது.

உச்சியில், பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் சின்னப் பாலத்தைக் கடந்து போய் நின்றபோது அப்படி ஒரு காற்று! மனசு குதித்தது. செவ்வாய்க்கிழமையைக்கூட மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மூடிய டெய்லர் கடைக்குள் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டோம். முதலில் எனக்கு ஏமாற்றம்தான். என் "ம்ம்ம்ஹ்... ஹா" எங்குமே இல்லை! அடிவாரத்தில் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசுகிறோம். கொஞ்ச நேரத்தில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. அப்புறம் ஒற்றை ஒற்றை வார்த்தை. செங்குத்தான படிகளில் அதுவும் இல்லை, செருப்புச் சத்தம் மட்டும். நின்ற பிறகுதான் மூச்சு வெளியே கொட்டுகிறது. உட்கார்ந்த பிறகுதான் "யப்பா..." வருகிறது.

வாள் பையனாக நான் பேசியதையும் கேட்டேன். அந்தச் சின்னப் பெண் சொன்னது சரி. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் காற்றுக்குத் தவிக்கிற ஒரு நடுத்தர வயதுக்காரியின் குரல் அது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுவேதான்.

குரங்கு பையைப் பிடுங்கிய இடம்? நான் வீல் என்று கத்தியதாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிவில் கத்தலே இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிற ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். அதற்கு மேல் இருப்பதெல்லாம் நூர்ஜஹான்.

"ஏறிக்கினு இருக்கும்போது எவடி கத்துவா? ஏறவே மூச்சு பத்தலை, இதுல கத்தறதுக்கு வேறயா?" என்றாள் அவள்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டிலேயே நிஜமாகக் கஷ்டத்தில் இருக்கிறவர் சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் முடிந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காரும்போதுதான் ஒரு பெருமூச்சு வரும். பன்னிரண்டு வருடமாக இது தெரியாமல் படிக்குப் படி கத்தியிருக்கிறேன்!

திங்கட்கிழமை. ஸ்டூடியோ நாலாவது மாடி. லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி, நேராக மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். பிரவீன் கை காட்டினார். நான் சத்தமே கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினேன்.

"மேடம்... ஏறலையா?"

ஏறிக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மூடினால் ராஜகிரியின் படிகள். கடைசிப் படி வந்ததும் விட்டேன் பாருங்கள்... ஒரு மூச்சு. பின்னாலேயே தானாக ஒரு "யப்பா". ஷீட்டில் அது இல்லை.

இன்ஜினியர் இந்த முறை சிரிக்கவில்லை. அதைக் கேமின் காட்சியோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் அந்த நாற்பது வயதுக்காரி பாறை உச்சியில் கையை ஊன்றி நின்று, என் மூச்சை வாங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவங்கதான் மேடம் நம்ம ஹீரோயின்" என்றார் பிரவீன். "நாளைக்கு வெச்ச டெஸ்ட்டை கேன்சல் பண்ணிடறேன்."

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவர் ஷீட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"அடுத்த லெவல் ஃபுல்லா தண்ணிக்குள்ள மேடம். மூழ்கறது, திணறறது... உங்க ஊர்ல ஏரி ஏதாவது இருக்கா?"

வெளியே வந்ததும் நூர்ஜஹானுக்குப் போன் போட்டு, நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். கட் பண்ணிவிட்டாள்.