ஒஸ்லோவில் அம்மா ஆடிய ஆட்டம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாமி உலகம் பார்ப்பது என்று தீர்மானித்தார். மாமிக்கு உலகம் பார்ப்பது என்றால், தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது. அந்தத் தம்பி என் அப்பா.

மாமி விம்பிள்டனில் இருந்தார், நாங்கள் ஹரோவில். நடுவில் முழு லண்டனும் கிடந்தாலும் எங்கள் குசினிக்கு எந்த நிறத் திரைச்சீலை என்பதை விம்பிள்டன்தான் முடிவு செய்தது. அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டு, படிப்பித்து, கலியாணமும் செய்து வைத்தவர் மாமி. அதனால் எங்கள் வீட்டில் அவருடைய சொல்லுக்கு மறு சொல் கிடையாது. அவரும் அன்பான மனுசிதான். அன்பை உத்தரவாகவே கொடுத்துப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

பாரிஸ் முடிந்தது, சுவிஸ் முடிந்தது. எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில் அப்பா நோர்வே என்றார்.

"அந்தக் குளிருக்குள்ள என்னடா பாக்கக் கிடக்கு?" என்றார் மாமி.

"கப்பல் இருக்கக்கா. ஆயிரம் வருசத்துக் கப்பல்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கலியாணத்துக்கு முந்தி அம்மா நோர்வேயில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அவருடைய காற்சப்பாத்து அளவு தெரிந்த மாதிரித்தான் அதுவும் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஹரோவில் பனி கொட்டி நாங்கள் எல்லாரும் நடுங்கும்போது அம்மா மட்டும், "இதெல்லாம் ஒரு குளிரே?" என்பார். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

அம்மா லண்டனில் குறைவாகவே கதைப்பவர். அவருடைய ஆங்கிலம் கடைக்கும் டொக்டரிடமும் போதும். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு முன்னால் காணாது. அந்த இடங்களில் மாமி முன்னுக்கு வந்துவிடுவார். அம்மா சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அம்மாவின் சுபாவமே அது என்று நான் நம்பியிருந்தேன்.

ஒஸ்லோவில் முதல் இரண்டு நாளும் அப்பா எங்களை ஓட ஓட விரட்டினார். கப்பல் பார்த்தோம். கூரையில் ஏறி நடக்கலாம் என்று சொல்லப்பட்ட ஒரு பெரிய வெள்ளை நாடகக் கட்டடத்தில் ஏறினோம். சேலைக்கு ஓட்டச் சப்பாத்துப் போட்டிருந்த மாமி பாதி வழியில் குந்திவிட்டார். பிறகு சிலைகள் நிறைந்த ஒரு பூங்கா. ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று நூற்றுக்கணக்கில் நின்ற ஒரு சிலைக்கும் உடுப்பில்லை. மாமி என் கண்ணைப் பொத்தி என்னைப் பூங்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நடத்திச் சென்றார். விரலிடுக்கில் நான் பார்த்தவை போதுமானவை.

அம்மா எங்களுக்குப் பின்னால் வந்தார். எல்லாரும் ஆங்கிலம் கதைத்ததால் வழி கேட்பதெல்லாம் அப்பா. ட்ராமில் ஒலிபெருக்கி ஏதாவது சொன்னால் அம்மாவின் தலை மெல்ல நிமிரும், பிறகு குனியும். நான் அதைக் கண்டேன். நித்திரை தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் போனது ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய மரவீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே ஒரு கிராமமாகத் திரும்பப் பூட்டி வைத்திருந்தார்கள். கூரைகளில் புல் முளைத்திருந்தது. "ஒரு ஆட்டைக் கொண்டுபோய் மேல கட்டலாம்" என்றார் மாமி, வந்த நாள் முதலாகக் கொஞ்சம் திருப்தியோடு.

நடுமுற்றத்தில் ஒரு பலகை மேடை. சிவப்பு மேற்சட்டையும் வெள்ளி ஊசிகளும் அணிந்தவர்கள் சோடி சோடியாகச் சுழன்று ஆடினார்கள். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு பிடில் வாசித்தார். நாங்கள் முன்வரிசை வாங்கில் இருந்தோம். மூன்று ஆட்டம் முடிந்ததும், ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவி போலிருந்த உயரமான பெண் ஒலிவாங்கியில், பார்வையாளர்களும் வந்து ஆடலாம் என்று ஆங்கிலத்தில் அழைத்தார். வந்திருந்த முழு உலகமும் தன் சப்பாத்தைப் பார்த்தது. அவர் இறங்கி வந்து என்னிடம் கை நீட்டினார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். கை அப்படியே அம்மாவிடம் நகர்ந்தது.

அம்மா ஏதோ சொன்னார். மறுக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. தலையைச் சரித்து ஏதோ கேட்டார். அம்மா பதில் சொன்னார். நீளமான பதில். இடையில் ஒருமுறைகூட நிறுத்தி யோசிக்கவில்லை. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, மேடையைத் திரும்பிப் பார்த்துக் கத்த, பிடில்காரர் கண்ணைத் திறந்தார்.

அம்மா எழும்பினார்.

மாமி அவருடைய கையைப் பிடித்தார். "என்ன இது? இரும். சனம் பாக்குது."

"பாக்கட்டும் மச்சாள்" என்ற அம்மா தன் கைப்பையை அந்தக் கையிலேயே கொடுத்தார். குளிர்ச்சட்டையைக் கழற்றி அப்பாவிடம் போட்டார். பஞ்சாபிச் சால்வையை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினார்.

அம்மா விழுந்துவிடுவார், எல்லாரும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். பிடில்காரர் வேறொரு மெட்டை எடுத்தார். அம்மா ஒரு கணம் கேட்டுக்கொண்டு நின்றார். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கை கொடுத்தார். பிறகு அம்மாவின் கால்கள் புறப்பட்டன.

எங்கே மிதிக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எந்த அடியில் குதிகாலால் பலகையை அடிக்க வேண்டும் என்று எல்லாம் அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. தாடிக்காரரின் கைக்குக் கீழால் நுழைந்து, சுழன்று, நிமிர்ந்து வந்தார். பின்னல் அவிழ்ந்து அவரோடு சேர்ந்து சுற்றியது. மற்றச் சோடிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிக் கைதட்டத் தொடங்கின. பாட்டு வந்தபோது அம்மா பாடினார். ஹரோவில் தேவாரத்தைக்கூட முணுமுணுப்பவர், அங்கே அந்த நாட்டுப் பாஷையில் குரலெடுத்துப் பாடினார். பின்வரிசை வாங்குகளில் இருந்தவர்கள் எழும்பி நின்று படமெடுத்தார்கள். நானும் வாங்கில் ஏறி நின்று, "தட்ஸ் மை மம்!" என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலத்தில், அதாவது லண்டன் ஆங்கிலத்தில், எல்லாத் திசையிலும் அறிவித்தேன்.

ஆட்டம் முடிந்து தலைவி ஒலிவாங்கியில் கேள்வி கேட்டார். அம்மா ஒவ்வொரு பதில் சொல்லும்போதும் மேடை முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு தலைவி ஆங்கிலத்தில் விளக்கினார்: இந்தப் பெண் வட கோடியிலுள்ள ஒரு மீன்பிடி ஊரின் பாஷையை அசலாகப் பேசுகிறார், கண்ணை மூடினால் தன் பெரியம்மா பேசுவது போலிருக்கிறது என்று. கொழும்பில் ஒரு வெள்ளைக்காரி இறங்கி வந்து சுத்தமான யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைத் தமிழில் நலம் விசாரித்தால் நாங்கள் எப்படிச் சிரிப்போம்? அந்தச் சிரிப்புத்தான் அது.

எங்களைப் போக விடவில்லை. ஒரு மரவீட்டுக்குள் கூட்டிப்போய், புளித்த ஆடைப்பாலில் காய்ச்சிச் சீனியும் கறுவாப்பட்டைத் தூளும் தூவிய கஞ்சி தந்தார்கள். அம்மா மேசையின் தலைமாட்டில் இருந்து கதைத்துக்கொண்டே இருந்தார். அப்பா ஒரு சொல்லும் விளங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி கைப்பையை மடியில் வைத்தபடி இரண்டு கோப்பை கஞ்சி குடித்தார்.

திரும்பி வரும்போது ட்ராமில் நான் கேட்டுக் கேட்டு அம்மா சொன்னார். இருபது வயதில் தனியாக அந்த வடகோடி ஊருக்குப் போனது, விடுதியில் தங்கிப் படித்தது, மாதக்கணக்கில் சூரியன் எழும்பாதது. "வெள்ளிக்கிழமையில எல்லாரும் சேர்ந்து ஆடுவம். அந்த இருட்டுக்குள்ள ஆடாட்டி விசர் பிடிச்சுப்போடும், பிள்ளை."

மாமி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "சரி, நடந்தது நடந்துபோச்சு. இதை லண்டனில ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

அப்பா வாயைத் திறந்தார். அவர் கதைக்க முந்தி அம்மா, "நான் சொல்லுவன் மச்சாள்" என்றார்.

ட்ராம் இரண்டு தரிப்புகளைக் கடந்தது. மாமி அம்மாவின் பக்கம் திரும்பினார். பிறகு கைப்பையை அவரிடம் நீட்டி, "அந்தத் தாடிக்காரன் நல்லா ஆடினான்" என்றார். அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் தோள் குலுங்கினார்.

பெரியவர்கள் ஒரு ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. அப்பா அம்மாவைப் பெண் பார்த்த காலத்தில், தனியாக வெளிநாட்டில் இருந்த பெட்டையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள், ஆகவே நோர்வேக் கதை ஒருவர் காதிலும் விழக்கூடாது என்று மாமி கேட்டுக்கொண்டதும், அம்மா அதற்குத் தலையாட்டியதும் நான் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும்.

"நான் சொல்லுவன்" என்ற பிறகு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. ஆடிய களைப்பு இன்னும் போகவில்லையாக்கும் என்று நினைத்து, நான் என் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.