பாக்கெட்டுக்குள் எங்கள் வீட்டு முருங்கை



ரத்தம் குறைவு, முருங்கைக்கீரை சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மரம் எங்கள் மதிலோரத்திலேயே நிற்கிறது. ஆடி பிறந்ததும் பக்கத்து வீட்டு ஓமனா சேச்சிதான் தடுத்தார்.

"கர்க்கடக மாசம் முரிங்கையில தொடப்படாது கேட்டோ. விஷமாக்கும்."

பயந்துபோய் நான் தொடவில்லை. ஆனாலும் மரம் நாளுக்கு நாள் மொட்டையானது. புழு தின்கிறது என்று சேச்சியிடமே புலம்பினேன். "அதே, புழுதான்" என்றார்.

இன்று ஆரியசாலை கடைத்தெருவில் மல்லி வாங்கும்போது கடை அண்ணாச்சி ஒரு பச்சைப் பொடி பாக்கெட்டை நீட்டினார்.

"முருங்கைப் பொடி அக்கா. வைட்டமின், ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் இருக்கு. மரத்துக்காரங்க மனசாரச் சம்மதிச்சுப் பறிச்ச இலை, கவர்லயே போட்டிருக்கு."

"எந்த மரத்துக்காரங்க அண்ணாச்சி?"

"உங்க பக்கத்து வீட்டு ஓமனாம்மாதான். அவங்க மரத்து இலையாம்."

சேச்சி வீட்டில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது.

நேராகப் போய் பாக்கெட்டைக் காட்டினேன். "சேச்சி, இது விஷமில்லையா?"

அவர் அசரவே இல்லை. "வெயில்ல உணக்கினா விஷம் போயிடும் மோளே."

"நான் எப்ப சம்மதிச்சேன்?"

"புழு தின்னட்டும்னு நீ விட்டல்லே? அது சம்மதம்தானே."

 மெதுவாகச் சொன்னேன்: "ஐயோ சேச்சி, அந்தப் புழுவுக்குப் போன வாரம் மருந்து அடிச்சேனே."

விற்ற பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்க, சேச்சி செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்கு ஓடியிருக்கிறார்.

நான் எந்த மருந்தும் அடிக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடவா, பாக்கெட்டெல்லாம் வீடு வந்து சேர்ந்த பிறகு சொல்லவா?