யன்னல் இல்லாத படகு

என் கணவருக்கு டெங்கு என்று தெரிந்த அன்று எங்கள் படகின் ஒரு பக்கத்தில் யன்னல்களே இல்லை. அவற்றை அவரே கழற்றிக் கொண்டுவந்து, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் மெக்கானிக். வேலையை விட்டபோது கையில் கிடைத்ததை எல்லாம் ஒரு பழைய மோட்டார் உல்லாசப் படகில் போட்டார். ஹெந்தளைக் கால்வாயோரம் கட்டிவைத்துத் திருத்தி, சுற்றுலாக்காரரை ஏற்றலாம் என்பது யோசனை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் எங்களுக்கென்று வேறு எதுவும் மிஞ்சியிருக்கவும் இல்லை.

பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் அந்த யன்னல்கள்தான் படகின் பெரிய வியாதி. கண்ணாடி ஓடும் பள்ளத்தில் ஒட்டியிருந்த துணி உக்கி, தண்ணீர் வெளியேறும் துளைகளை அடைத்திருந்தது. பெய்கிற மழையெல்லாம் உள்ளே வடிந்து சுவர்ப் பலகையை ஊறவைத்தது. உப்பில் இறுகிய ஸ்க்ரூக்களை முறித்து, தண்ணீர் கசியாமல் இடுக்குகளில் பூசியிருந்த பழைய சீலன்டைக் கத்தியால் அறுத்து, அலுமினியச் சட்டங்களைக் கண்ணாடியோடு பெயர்த்தெடுத்தார். வீட்டில் வைத்து ஒவ்வொன்றாய்ச் சுரண்டித் துப்புரவாக்கி, துளைகளைக் குத்தித் திறந்து, பள்ளங்களில் புதுத் துணிப்பட்டி ஒட்டினார். கடைசிச் சட்டத்தை முடித்த மாலையே காய்ச்சலில் விழுந்தார்.

களுபோவில ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. வெளியே மழை விடவில்லை. அப்போதுதான் படகுத்துறைக் காவலாளி எனக்குப் போன் எடுத்து, யன்னல் கழற்றிய ஓட்டைகளை மூடி அவர் கட்டியிருந்த தறப்பாள் கிழிந்துவிட்டது, உள்ளே தண்ணீர் நிற்கிறது, தண்ணீரை இறைக்கும் பம்பும் ஓடவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். கட்டிலில் கிடந்தபடி இவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. யன்னலைப் போட்டிட்டு வா."

"உங்களை இப்பிடி விட்டிட்டு நான் போக மாட்டன்."

"இங்க இருந்து நீ என்ன செய்யப் போற? படகு தாழ்ந்தா நமக்கு ஒண்டுமில்ல."

அவர் சத்தம் போடவில்லை. கெஞ்சினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வார்டில் இருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு, மச்சாளைக் கூப்பிட்டேன். மச்சாள் என்றால் இவருடைய அக்கா, இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறா. யன்னல்களைப் படுக்கை விரிப்புகளில் சுற்றினோம். கண்ணாடி என்றதும் ஓட்டோக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு சின்ன லொறி கிடைத்தது.

படகுக்குள் இறங்கியபோது கணுக்காலுக்கு மேலே தண்ணீர். இவர் செய்யும்போது பார்த்ததுதான் எனக்குத் தெரிந்த வேலை. மச்சாள் வெளியே மழையில் நின்று, சீலன்ட் பூசிய சட்டத்தை நெஞ்சால் அழுத்திப் பிடித்தா. நான் உள்ளே நின்று ஸ்க்ரூவை முறுக்கினேன். ஈரத்தில் சீலன்ட் சரியாக ஒட்டவில்லை. மச்சாள் செபமாலைச் செபங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே அழுத்தினா. எனக்கு எந்தக் கடவுளையும் கூப்பிட வாய் வரவில்லை.

கடைசி யன்னலுக்குரிய இடத்தில் பலகை உக்கிப்போயிருந்தது. ஸ்க்ரூவைத் திருகத் திருக அது நனைந்த பாண் துண்டு போல உதிர்ந்தது. பிடிக்க இடமில்லாமல் சட்டம் சரிந்தது. கண்ணாடி கைப்பிடிக் கம்பியில் பட்டதும் முழுவதும் பொடிப்பொடியாகிக் கால்வாய்க்குள் கொட்டியது. வெறும் சட்டத்தைப் பிடித்தபடி மச்சாள் என்னைப் பார்த்தா. படகுக்குள் இருந்த படுக்கைப் பலகையை உடைத்தெடுத்து அந்த ஓட்டைக்கு ஆணி அடித்தோம்.

பையில் இருந்த போனை எடுத்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து பலமுறை அழைத்திருந்தது தெரிந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டோம், உடனே வாருங்கள் என்றார்கள். மச்சாளிடம் சொன்னேன். மச்சாள் வாளியால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே சொன்னா:

"தாழுறதெண்டா தாழட்டும். நீ ஓடு."

ஹெந்தளையிலிருந்து களுபோவில வரை ரோட்டெல்லாம் வெள்ளம். பொரளைச் சந்தியில் பஸ் அசையவே இல்லை. நனைந்த சேலையோடு இறங்கி நடந்தேன், பிறகு கிடைத்த ஓட்டோவில் ஏறினேன். அவர் போய்விட்டார் என்றே மனம் முடிவு கட்டியிருந்தது. அந்தப் பிரிவின் வாசலில், கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கையில் காய்ந்த சீலன்ட் தோலோடு ஒட்டிப் போயிருந்தது.

அவர் பிழைத்தார். பேசத் தொடங்கியதும் முதலில் கேட்டது யன்னல்களைப் பற்றித்தான். ஒன்று உடைந்துவிட்டது என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

படகும் தாழவில்லை. மச்சாளும் காவலாளியும் மாறி மாறி அள்ளியிருந்தார்கள். ஆனால் தண்ணீர் என்ஜினுக்குள் போய்விட்டது.

எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தவரைக் கொஞ்ச நாள் கழித்து அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு யன்னலை விரலால் தள்ளிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் ஓடியது. பிறகு என்ஜின் மூடியைத் தூக்கிக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வந்து ஈரம் காயாத இருக்கையில் உட்கார்ந்து கேட்டார்:

"இனி என்ன செய்யிறது?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.