நம்ம கால்

என் அண்ணன் செத்ததற்கு நீர்தான் காரணம். ரங்கூன் லான்மடாவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாமான் பெட்டிமேல் ஏறி நின்று "எல்லாம் எல்லாருக்கும்" என்று பேசுகிறீரே, உம்மைத்தான் சொல்கிறேன். நீர் நடத்துகிற மாவ்பிக் குடியிருப்பில் உம்மை மூத்தவர் என்று கூப்பிடுகிறார்கள். என் வாயில் அது வராது.

நான் ரங்கூனில் தண்ணீர்க் குழாய் போடுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அண்ணனை நான் தூக்கிக்கொண்டு போனதால்தான் அவன் செத்தான் என்று நீர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் ஆற்றங்கரை அரிசி மில்லில் பாய்லர் வேலை பார்த்தான். பதினோரு வருஷம். கல்யாணம் இல்லை. மில் ஆட்கள் தங்குகிற பாரக்கில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தார்கள், ஆனால் அவன் வேலை முறை வேறு. அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது இவன் பாய்லர் முன்னால் நிற்பான். இவன் திரும்பி வரும்போது அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். தகரத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் தின்பான். எனக்குக் கியாக்டடாப் பகுதியில் ஒரு அறை, மனைவி, அடுப்பு எல்லாம் இருந்தது. அவனை நான் சாப்பிடக் கூப்பிட்டது குறைவுதான். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர் பேசியதை அவன் கேட்டான். கிறிஸ்தவ வேதத்தில் முதல் சீடர்கள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள் என்றீர். இப்போதும் கனடாவின் பனிக்காட்டில் ஜெர்மன் பேசுகிற குடியானவர்கள் அப்படியே வாழ்கிறார்கள், ஹட்டரைட்டுகள் என்று பெயர், எவருக்கும் தனிச் சொத்து கிடையாது, ஒரே சமையல், ஒரே பந்தி என்றீர். அண்ணன் வந்து என்னிடம் சொன்னபோது சொத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பந்தியைப் பற்றித்தான் சொன்னான். மாவ்பியில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உட்காருவார்களாம், பரிமாறி முடியும்வரை ஒருவரும் சோற்றில் கை வைக்க மாட்டார்களாம். அடுத்த மாதம் மில்லை விட்டுவிட்டு மாவ்பிக்குப் போய்விட்டான். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். அவன் வேதக்காரர்களோடு சேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் நாலு பேரோடு சாப்பிடுகிறான் என்று விட்டுவிட்டேன்.

மழை முடிந்த சமயத்தில் முதல் தடவை பார்க்கப் போனேன். ஸ்டேஷனிலிருந்து ஒரு பர்மாக்காரர் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டார். எனக்குப் பர்மியப் பேச்சு வரும். குடியிருப்பு எப்படி என்று கேட்டேன்.

"நல்ல ஆளுங்கதான் அண்ணே. திருட்டு இல்ல, குடி இல்ல. ஒரு தடவ எருமை வாங்க எங்கிட்ட வந்தாங்க. ஆறு பேரு. யாருகிட்ட வில சொல்றதுன்னே எனக்குத் தெரியல. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டே நின்னாங்க. எருமையும் அவங்களப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. கடைசில அதுதான் மொதல்ல நகந்துச்சு."

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

வாசலில் ஒருவர் என் குடையை வாங்கிக்கொண்டார். "நம்ம குடையை உள்ள வைக்கிறேன்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு யாரோ வயலுக்குப் போவதைப் பார்த்தேன். அங்கே 'என்' என்ற சொல் கிடையாது. 'எனக்கு' கிடையாது. 'நாங்கள்' கூடக் கிடையாது, எதிரில் நிற்கிறவனை அது வெளியே தள்ளுகிறது என்பதால். எதற்கும் 'நாம்', 'நம்ம', 'நமக்கு'. வாய் தவறி 'என்' என்று சொன்னால் அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். அன்றைக்குப் பந்தியில் இடம் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

நல்லதையும் சொல்கிறேன். சோறு தாராளம். வயசானவர்களுக்கு முதலில் பரிமாறினார்கள். ஜாதி கேட்கவில்லை. வெளுத்த துணிகளை ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்கள், கைக்கு வந்ததை உடுத்திக்கொள்வார்கள். அண்ணனுக்கு மேல்சட்டை முழங்கையோடு நின்றுவிட்டது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், முகம் தெளிவாக இருந்தது.

"என்னடா தம்பி, ரங்கூன் குழாயில தண்ணி வருதா, இல்ல இன்னும் நீதான் வாய வச்சு ஊதுறியா?"

"ஊதுறேன். நீ வந்து கொஞ்சம் ஊதிட்டுப் போ."

"நமக்கு இங்கயே வேல சரியா இருக்கு" என்றான்.

இவர்களோடு நானும் இருந்துவிட்டால் என்ன என்று அன்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுந்து போகும்போதுதான் அவன் நொண்டுவதைப் பார்த்தேன்.

விறகு வெட்டப் போகிறவர்களுக்குப் பட்டாளத்துப் பழைய பூட்ஸ் ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். அதுவும் பொது. வரிசையில் கைக்கு வந்த ஜோடியை மாட்டிக்கொள்ள வேண்டும். அண்ணனுக்குப் பெரிய பாதம். சின்ன பூட்ஸ் குதிகாலை அறுத்துவிட்டது. மாற்றிக் கேட்டாயா என்றேன். பூட்ஸ் நமக்குச் சின்னதாக இருக்கிறது என்று சொன்னானாம். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தன் காலைப் பார்த்து, நமக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்றார்களாம். அதைச் சொல்லி அவனே சிரித்தான். புண்ணைக் காட்டச் சொன்னேன். எட்டணாக் காசு அகலம் இருந்தது, நடுவில் ஈரம். ரங்கூனுக்கு வந்து கட்டுப் போட்டுக்கொள் என்றேன். ஆறிவிடும் என்றான். நான் ரயில் ஏறிவிட்டேன்.

அடுத்து நான் போனபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. படுக்கைக் கொட்டகைக்கு வெளியிலேயே சாம்பிராணி வாசனை வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு எதற்குச் சாம்பிராணி என்று நினைத்தேன். உள்ளே போனதும் தெரிந்தது. செத்த எலி கிடக்கும் சாக்கடையைத் திறந்தவன் நான், அந்த நாற்றம் எனக்குத் தெரியும். இருபது படுக்கை வரிசையில் அவன் கடைசியில், கதவை ஒட்டிக் கிடந்தான். இரண்டு கால்விரல்கள் நீலமாக இருந்தன. சமையல் பார்க்கிற அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? எத்தன நாளா இப்படி?"

"நம்ம கால் கொஞ்சம் சரியில்லங்க" என்றார். நல்ல பெண்மணி. கண் கலங்கித்தான் இருந்தது.

"வலிக்குதுன்னு இவன் சொல்லலையா?"

"சொன்னாருங்க. நமக்கு வலிக்குதுன்னு சொன்னாரு. ஆமா, நமக்கு வலிக்கத்தான் செய்யுதுன்னு எல்லாரும் கூடி நின்னு ஜெபம் பண்ணோம்."

அவர் ஒன்றும் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்பது பேர் தங்களுக்கு வலிக்கிறது என்று மனதார நம்பி, சாப்பிட்டு, வயலுக்குப் போய், தூங்கி எழுந்திருக்கிறார்கள். அழுகியது ஒருவன் கால்.

உம்மிடம் வந்தேன். நீர் வரப்போரத்தில் மண்வெட்டியோடு நின்றீர். மற்றவர்களைவிட அதிகமாகவே உழைத்தீர், அதை மறுக்கவில்லை. இவனை இன்று சாயங்கால ரயிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"நாம பேசி முடிவு பண்ணுவோம் தம்பி" என்றீர்.

"பேச என்ன இருக்கு? கால் கறுக்குது."

"ஒருத்தருக்கு ஒப்பலன்னாலும் நாம செய்றதில்ல. எல்லாரும் சம்மதிக்கணும்."

மணி அடித்தீர். வயலிலிருந்து எல்லாரும் சாப்பாட்டுக் கொட்டகைக்கு வந்தார்கள். நானும் உள்ளே நுழைந்தேன். நீர் என் தோளில் கை வைத்து, மெதுவாகத்தான் வைத்தீர், "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றீர்.

"நாம பேசுவோம்னீங்களே. அந்த 'நாம'ல நான் இல்லையா?"

"இன்னும் இல்ல."

கதவு சாத்தினீர். நான் வெயிலில் நின்றேன். உள்ளே முதலில் உம் குரல், சொற்கள் விளங்கவில்லை. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நாற்பது பேர் இருக்கிற கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. பிறகு யாரோ ஏதோ சொன்னார்கள், ஒரே ஒரு குரல், சின்னதாக. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அதன்பின் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்து கதவு திறந்தது.

"நமக்குச் சம்மதமில்ல தம்பி. இங்கயே குணமாவான்."

"யாருக்குச் சம்மதமில்ல?"

"நமக்கு."

வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். ஒருவரும் என் பக்கம் தலையைத் திருப்பவில்லை. பயந்து திருப்பாமல் இருந்தாலாவது புரியும். நிம்மதியாக இருந்தார்கள். சமையல் அம்மாவை அடுப்படியில் பிடித்து, யாரம்மா வேண்டாம் என்றது என்று கேட்டேன். "அப்படிக் கேக்கக் கூடாதுங்க" என்று அடுப்பை ஊத ஆரம்பித்துவிட்டார்.

அண்ணனிடம் போனேன். "நீ ஒரு வார்த்த சொல்லு. 'நான் போறேன்'னு சொல்லு. உன்ன எவன் தடுக்குறான்னு பாத்துடுறேன்."

துணியை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

"என் காலுன்னு சொல்லுடா. உன் காலத்தானே கேக்குறேன். ஒரு தடவ சொல்லு."

"சொன்னா தனியா வச்சுச் சோறு போடுவாங்கடா" என்றான். "பதினோரு வருஷம் தின்னாச்சு தம்பி. போதும்."

எனக்குக் கோபம் வந்தது. நாசமாய்ப் போ என்றேன். அன்று அவனிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். மறுநாள் வேலைக்கு நிற்கவேண்டும், ரயிலைப் பிடித்துவிட்டேன். அன்று ஊமையாக நின்ற அந்த நாற்பது பேரைவிட நானும் மேல் இல்லை. எனக்கு ஒரு கூட்டமும் கட்டுப்பாடும் கிடையாது, நானாகவேதான் விட்டுவிட்டுப் போனேன்.

ஆறு நாள் பொறுத்தேன், அதற்குமேல் தாங்கவில்லை. ஏழாம் நாள் காலையில் மாவ்பியில் இறங்கி, அதே பர்மாக்காரரின் வண்டியை வாசல்வரை ஓட்டச் சொன்னேன். எல்லாரும் வயலில் இருந்தார்கள். பாதம் முழுக்கக் கறுத்து, கணுக்காலுக்கு மேலே வீக்கம் ஏறியிருந்தது. நெருப்பாகக் கொதித்தது உடம்பு. ஒருவரிடமும் கேட்கவில்லை. வண்டிக்காரரும் நானும் பாயோடு தூக்கினோம். சமையல் அம்மா பார்த்துக்கொண்டே நின்றார், சத்தம் போடவில்லை. ஓடிப்போய் ஒரு தலையணை கொண்டுவந்து அவன் தலைக்குக் கீழே வைத்தார். அவ்வளவுதான் அங்கே நடந்தது. தடுக்க ஒருவரும் வரவில்லை. அன்றைக்கே நான் இதைச் செய்திருக்கலாம்.

ரயிலில் இன்செய்ன் தாண்டியதும் கண் விழித்தான். "எனக்குத் தண்ணி" என்றான்.

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தான். யார் காதில் விழுந்தது என்று பார்த்தான். பெட்டியில் இருந்தது இரண்டு பர்மியப் பெண்களும் ஒரு கூடை முள்ளங்கியும் நானும்தான்.

"ஒருத்தரும் கேக்கல" என்றேன். தண்ணீர் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அண்ணனுக்கு நீரிழிவு இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் செத்தான். அங்கே ஒரு செவிலியம்மா கனடாவிலிருந்து வந்தவர். அவரிடம் அந்த ஜெர்மன் பேசுகிற குடியானவர்களைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. வியாதி வந்தால் அவர்கள் குதிரைவண்டி கட்டி டவுன் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள், தன் ஊர் டாக்டரிடமே வந்திருக்கிறார்கள் என்றார். ஆக, ஒருவர் ஒப்பாவிட்டாலும் ஆஸ்பத்திரி இல்லை என்கிற இந்தச் சட்டம் பனிக்காட்டிலிருந்து வந்ததல்ல. வேதத்திலிருந்தும் வந்ததல்ல என்று வேதம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது நீர் மறுபடியும் ஆள் சேர்க்கிறீர். போன வாரம் பன்னிரண்டு பேர் போக ஒத்துக்கொண்டார்களாம். மில் ஆட்கள், தனியாகத் தின்கிறவர்கள். அவர்களிடம் என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறீர். "நம்ம சகோதரனை வெளியாள் பறித்துக்கொண்டு போனான், அதனால் இழந்தோம்" என்கிறீர். அந்தப் பன்னிரண்டு பேரில் எவன் பாதம் பெரிது என்று எனக்குத் தெரியாது.

நீர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்கிறேன். அன்று கதவு சாத்தின கொட்டகைக்குள் என்ன பேசினீர்கள்? நீர் முதலில் என்ன சொன்னீர்? அந்தச் சின்னக் குரல் யாருடையது, அது போகட்டும் என்றதா, வேண்டாம் என்றதா? போகட்டும் என்று எத்தனை பேர் சொன்னார்கள், அவர்களை நீர் என்ன செய்தீர்? இதைக் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டாம். என் வீட்டுக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை லான்மடாவில், அந்தப் பன்னிரண்டு பேர் கேட்க, நின்று பதில் சொல்லும்.