மிச்சமில்லாத தட்டு

டெஸ் நோஸ்கியின் பிறந்த நாளுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் அழைப்பு வராது. பிப்ரவரி மாதத்து மூன்றாவது சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி, கோதுமைக் கிடங்குத் தெருவின் கடைசி வீடு. தெரிந்தவர்கள் போய்விடுவார்கள். தெரியாதவர்கள் ஊருக்குப் புதியவர்களாக இருப்பார்கள்; அவர்களை டெஸ்ஸே கடைத்தெருவில் மடக்கி நிறுத்தி, பெயர் கேட்டு, நாயின் பெயரும் கேட்டு, கையோடு கூப்பிட்டுவிடுவான்.

அவன் பிறந்தபோது நகரத்து டாக்டர் ஒருவர் அவன் அம்மா ஐரிஸைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம், பேச்சு சரியாக வராது, இருபது வயதைத் தாண்டுவது சந்தேகம், காப்பகத்தில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணைக் கவனியுங்கள் என்றாராம். ஐரிஸ் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தாள். அந்த டாக்டர் இப்போது இருக்கமாட்டார். டெஸ்ஸுக்கு ஐம்பத்து மூன்று முடிந்து ஐம்பத்து நான்கு நடக்கிறது. பேச்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவனிடம் மாட்டிக்கொண்டால் தபால்காரர் அடுத்த வீட்டுக்குப் போக அரை மணி ஆகும்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனான். வகுப்பில் எத்தனையோ பிறந்த நாள் விழாக்கள் நடந்தன, ஒன்றுக்கும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. வந்தால் என்ன செய்வானோ, அவனிடம் எப்படிப் பேசுவதோ என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டார்கள். சும்மா இருந்தே ஒரு குழந்தையை அழவைக்கலாம் என்பது எங்கள் ஊருக்கு உறைக்கவில்லை. ஐரிஸ் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மகனுடைய பிறந்த நாளுக்கு ஊரையே கூப்பிட்டாள், கிராக்கிள் செய்து வைத்தாள்.

கிராக்கிளுக்கு அடுப்பில் வேகவைக்கிற வேலை கிடையாது. அரிசிப் பொரி, கோகோ, மாவாகப் பொடித்த சர்க்கரை, உலர்ந்த தேங்காய்த் துருவல் எல்லாவற்றையும் ஒரு பெரிய சட்டியில் கொட்டி, வெள்ளைக் கட்டியாக விற்கிற தேங்காய்க் கொழுப்பை உருக்கி ஊற்றிக் கிளறி, சின்னச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் ஒவ்வொரு கரண்டியாக வைத்துக் குளிரவிட்டால் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் அதைத் தின்னாமல் வளர்ந்தவர்கள் குறைவு. வளர்ந்த பிறகு, "ஐயே, வெறும் கொழுப்பும் சர்க்கரையும்" என்று முகத்தைச் சுளிப்பார்கள். டெஸ் தட்டை நீட்டினால் இரண்டாக எடுப்பார்கள்.

அந்தத் தட்டை நீட்டுவதுதான் டெஸ்ஸுடைய வேலை. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பான், பெயர் சொல்லுவான், முழங்கால் எப்படி இருக்கிறது, மகள் தேர்வில் தேறினாளா என்று ஒன்று கேட்பான், பதிலைக் கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டுவான். வருடம் முழுவதும் அவனுக்கு யாராவது ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். காரில் ஏற்றிக்கொள்கிறார்கள், சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறார்கள், குப்பை பிரிக்கும் கிடங்கில் அவன் வேலை பார்க்கும் மூன்று நாளும் யாரோ மேற்பார்வை பார்க்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் ஊர் அவனுக்கு விருந்தாளி.

ஐரிஸ் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு எல்லாம் அக்கா ரெயிலீன் கையில். அவனைவிட ஏழு வயது மூத்தவள், பள்ளிக் கேன்டீனை நடத்துகிறவள். கேன்டீனில் இப்போதெல்லாம் பண்டங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பட்டியல் உண்டு. கிராக்கிள் சிவப்பு, அதாவது விற்கவே கூடாதது. அதை அலமாரியிலிருந்து ஒழித்ததே ரெயிலீன்தான். ஒழித்ததோடு நிற்கவில்லை; சாக்லேட் கேக்கில் பீட்ரூட்டை அரைத்து ஊற்றினாள், சாஸேஜ் ரோலில் கேரட்டையும் பருப்பையும் ஒளித்தாள். இருநூறு பிள்ளைகள் தின்றார்கள், ஒரு பிள்ளை கண்டுபிடிக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்றால் தப்பில்லை.

போன குளிர்காலத்தில் டெஸ்ஸுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. இதய வால்வு பிறவியிலேயே பலவீனம். இதுவும் சேர்ந்தால் கஷ்டம், சாப்பாட்டில் கண்டிப்பாக இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரெயிலீன் பயந்துபோனாள். கணவன் விட்டுப்போனபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. காலையில் அவன் அறையிலிருந்து குறட்டை கேட்டால்தான் அவளுக்குத் தேநீர் வைக்கக் கை வரும். வீட்டிலிருந்த பிஸ்கட் டப்பா காணாமல் போயிற்று, எலுமிச்சை சோடா போயிற்று, உருளைக்கிழங்கு கைப்பிடி அளவுக்குக் குறைந்தது. டெஸ் அவளுக்குக் கேன்டீன் போலீஸ் என்று பெயர் வைத்தான்.

பிப்ரவரி வந்தது. விழாவை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கிராக்கிளை மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தாள். சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழ விழுது, சாதாரண கோகோவுக்குப் பதில் வறுக்காத நல்ல கோகோ, பழுப்பரிசிப் பொரி, அந்த வெள்ளைக் கட்டிக்குப் பதில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், சுத்தமானது, கண்ணாடிப் புட்டியில் வருவது. மூன்று நாள் சமையலறையில் நின்றாள். முதல் தரம் பொரி நமுத்துப்போயிற்று. இரண்டாவது ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. மூன்றாவது தரம் பாதாமை வறுத்து உடைத்துப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கடித்தபோது அவளுக்கே திருப்தியாக இருந்தது. பெரியவர்களுக்கான பண்டம், கசப்பும் மணமுமாக, விலை உயர்ந்த கடையில் வாங்கியதைப் போல. டெஸ் வாசலில் வந்து நின்று மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனான்.

பக்கத்து வீட்டு வெர்னா, ஐரிஸின் காலத்திலிருந்து விழாவுக்கு நாற்காலி இரவல் கொடுக்கிறவள், ஒன்றைக் கடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கிராக்கிள் இல்ல, ரே. அவனுக்கு மட்டும் இத செஞ்சிட்டு மத்தவங்களுக்குப் பழசையே குடேன்."

ரெயிலீன் கேட்கவில்லை. தட்டைச் சுமக்கிறவன் அவன், தொண்ணூறு கிராக்கிளைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றைத் தொடாதே என்றால் எந்த மனிதனால் முடியும், என்னாலேயே முடியாது என்றாள். அதில் நியாயம் இருப்பதாக வெர்னாவுக்கும் பட்டது.

சனிக்கிழமை முப்பத்தெட்டு டிகிரி. செக்கு எண்ணெய் இருபத்து நான்கு டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அந்தக் கேவலமான வெள்ளைக் கட்டி எங்கள் ஊர் வெயிலையும் ஓரளவு தாங்கும். மூன்று நாள் சமையலறையில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு வேலை செய்தவளுக்கு இது தோன்றவில்லை. கேன்டீனில் பண்டம் குளிர்பெட்டியிலிருந்து நேராகப் பிள்ளையின் வாய்க்குப் போகும். இங்கே டெஸ்ஸின் கையில் போகிறது. டெஸ் ஒவ்வொருவரிடமும் நின்று முழங்காலை விசாரிக்கிறான்.

நான்காவது விருந்தாளியிடம் வருவதற்குள் கிராக்கிள்கள் தளர்ந்துவிட்டன. பத்தாவது ஆளுக்குக் காகிதக் கிண்ணத்தில் சேறு. மரியாதைக்கு எடுத்தவர்கள் விரலை நக்கினார்கள், சட்டையில் சிந்திக்கொண்டார்கள், ஒரு வாய் வைத்துவிட்டு டெஸ் திரும்பியதும் நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். பிறகு வந்தவர்கள், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்கள். ஊர் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டெஸ் பாதி தட்டோடு முற்றத்தின் நடுவில் நின்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான் என்று வெர்னா பிறகு சொன்னாள்.

ரெயிலீன் இது ஒன்றையும் காணவில்லை. அவள் உள்ளே சாஸேஜ் வேகவைத்து, வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தாள். டெஸ் மூன்று முறை வந்து தட்டை மாற்றிக்கொண்டு போனான். கடைசியில் வந்து காலித் தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தான்.

"எல்லாம் தீந்துபோச்சு, ரே."

எங்கள் பக்கத்தில் விழா என்றால், தேவாலயமாக இருந்தாலும் இழவு வீடாக இருந்தாலும், ஆளுக்கு ஒரு தட்டுப் பண்டம் எடுத்துப் போவது வழக்கம். யார் தட்டு முதலில் காலியாயிற்று, யாருடையது அப்படியே மூடிக்கொண்டு வீடு திரும்பிற்று என்று பெண்கள் வாயைத் திறக்காமல் கணக்கெடுப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் மிஞ்சிப்போன கேக்கை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே காலித் தட்டைப் பார்த்ததும் ரெயிலீனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரையே ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஆடினாள். வெர்னா நாற்காலிகளை மடிக்க வந்தபோது அவளிடம் பெருமையும் அடித்துக்கொண்டாள். வெர்னா அதற்கு, டெஸ் எங்கே என்று கேட்டாள்.

மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தான். மண்ணில் கால்நீட்டி உட்கார்ந்து, வாய், கை, பிறந்த நாள் சட்டை எல்லாம் பழுப்பாக. தட்டில் மிஞ்சியதையெல்லாம் முன்பே அங்கே கொண்டுவந்து ஒளித்துவைத்திருக்கிறான். பக்கத்தில் வழித்து நக்கிய காகிதக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான். நாற்காலிகளுக்கு அடியில் கிடந்ததையும் விடவில்லை. இருபதுக்கு மேல் தின்றிருப்பான். ரெயிலீன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நிமிர்ந்து பார்த்தான், ஏதோ சொல்லப்போனான், அப்படியே வாந்தி எடுத்தான். பேரீச்சம்பழமும் சர்க்கரைதான், நல்ல சர்க்கரை என்று இரத்தம் சலுகை காட்டாது. ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலையில் சர்க்கரை இறங்கி, நிறம் திரும்பி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரரின் நாய்க்கு என்ன பெயர் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ரெயிலீன் இரவெல்லாம் தூங்காத முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சாவதற்கா தின்றாய் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"ஏன் டெஸ் அப்படிப் பண்ணே?"

"தட்டுல மிச்சம் இருந்துச்சு."

"இருந்தா இருந்துட்டுப் போகுது."

"உன் தட்டு, ரே. மிச்சம் இருந்தா உனக்கு அசிங்கம். நீ மூணு நாள் நின்னு செஞ்சே."

அவனைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் மூன்று நாள் நின்றாள். அவளுடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைத்திருக்கிறான். அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கிராக்கிளில் இருந்ததெல்லாம் வேறு, உன்னிடம் சொல்லாமல் மாற்றிவிட்டேன், தப்புதான் என்றாள்.

"தெரியும்," என்றான் டெஸ். "வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு. நல்லாவே இல்ல, ரே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, உனக்காகத்தானே செய்தேன், தட்டு தட்டாக அந்தக் கொழுப்பையும் சர்க்கரையும் நீ தின்றால் உன் இதயம் என்ன ஆகும் என்றாள்.

டெஸ் அவளை விநோதமாகப் பார்த்தான். அவள் சொன்னது அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நான் ஒன்னுதான் சாப்பிடுவேன்."

"எப்போ?"

"எப்பவும். எல்லாருக்கும் குடுத்தப்புறம், கடைசியில ஒன்னு. அது அவங்களுக்குச் செஞ்சது, ரே. எனக்கு இல்ல."

நம்புவதா வேண்டாமா என்று ரெயிலீனுக்குத் தெரியவில்லை. வெளியே நடைபாதைக்குப் போய் வெர்னாவுக்குப் போன் செய்து கேட்டாள். ஆமாம், ஒன்றுதான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கடைசி ஒன்றை எடுத்து எல்லாருக்கும் உயர்த்திக் காட்டிவிட்டுத் தின்பான், கைகூடத் தட்டுவோமே என்றாள் வெர்னா. நேற்று அவன் காட்டவில்லை, அதனால்தான் தேடினேன் என்றாள். பிறகு, உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்.

எப்படித் தெரியும்? சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கிண்ணம் அடுக்கினாள், பிறகு தட்டு நிரப்பினாள், பிறகு எல்லாமே அவள். அவன் சாப்பிடும் ஒவ்வொரு பிடியையும் எடைபோடத் தெரிந்தவள், இத்தனை வருடத்தில் ஒரு தடவை வெளியே வந்து நின்று பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அந்த நடைபாதையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த வருடம் பழையபடியே செய்கிறேன், அந்த வெள்ளைக் கட்டி, அந்தச் சர்க்கரை எல்லாம் போட்டு என்றாள். டெஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்த மாதிரி தலையை ஆட்டினான். அவன் மனது வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

"நீ அடுத்த வருஷம் வெளியில வா, ரே. வந்து நாற்காலியில உக்காரு."

"ஏன்?"

"எல்லாருக்கும் குடுத்திருக்கேன். உனக்கு மட்டும் நான் குடுத்ததே இல்ல."

அவன் போர்வையைச் சரிசெய்ய நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, சரி என்றாள்.